பச்சைக் கிளை

நாட்டாவில் டீசல் போட்ட பையன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"அறுபதிலிருந்து தொண்ணூறாவது கிலோமீட்டர் வரைக்கும்
தாரை நம்பாதீங்க அக்கா,
ஓரத்து மண்ணை நம்புங்க."

மழைக்கும் காசுக்கும் எங்கள் நாட்டில் ஒரே பெயர், புலா.
இந்த வருஷம் மேலிருந்து வந்த புலா அதிகம்.
சாலைக்கு வரவேண்டிய புலாதான்
ஏதோ ஒரு மேசையில்
கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது.

ஒரு குழியில் தண்ணீர் நிறைந்து
மேகம் கிடந்தது.
ஒரு குழியில் யாருடையதோ சக்கர மூடி.
"நான் ஓட்டட்டுமா" என்று ஒலெபிலே மூன்று முறை கேட்டான்.
கொடுக்கவில்லை.
என் கணவன் குழியைப் பார்ப்பான்,
பார்த்துக்கொண்டே அதற்குள் இறங்குவான்.
கண் போகிற இடத்துக்கு வண்டி போகும் என்பது
பதினோரு வருஷமாய் அவனுக்கு ஏறவில்லை.

கால்நடைத் துறையின் வேலியில் இறங்கி
மருந்து நனைத்த சாக்கில் செருப்பைத் தேய்த்தோம்.
பச்சை இறைச்சி இருக்கிறதா என்றார்கள். இல்லை.
தூக்கம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.
அது இருந்தது, என் இமைக்கு அடியில்
இரண்டு கிலோவாவது.

பின் இருக்கையில் செதுன்யா
பென்சிலோடு, கட்டம் போட்ட நோட்டோடு.
பூங்கா வாசலுக்கு உள்ளே பார்த்தால்தான் கணக்கு,
அவளே போட்ட சட்டம்.
நெருப்புக்கோழி நான்கு கடந்தன, கணக்கில்லை.
கழுதைகள் நடுச்சாலையில் நின்று
எங்களை எடைபோட்டன,
அவையும் கணக்கில்லை.

வாசல் ஆறரைக்கு மூடும்.
ஐந்தே முக்காலுக்கு
தாரின் மேல் ஒரு மொப்பானேக் கிளை.
இருபது அடி தள்ளி இன்னொன்று.
பிரேக்கை மெல்ல மிதித்தேன்.
பச்சைக் கிளை என்றால் முன்னால் எவனுக்கோ
விதி முறிந்து கிடக்கிறது.

அச்சு முறிந்த லாரி,
வளைவு முடிகிற இடத்தில், பாதிச் சாலையை அடைத்து.
சாம்பியாவிலிருந்து செம்புத் தகடு.
ஓட்டுநர் சிலேஷே கை குலுக்கினார்,
கை முழுக்கக் கிரீஸ், அதற்கு மன்னிப்பும் கேட்டார்.
"அந்தப் பக்கம் ஒன்பது கிளை வெட்டிப் போட்டேன் அம்மா.
போய்ப் பார்த்தால் இரண்டுதான் இருக்கு."

மீதி ஏழும் எங்கே என்று
அப்போதுதான் தெரிந்தது.
மாட்டின் கண் விளக்கில் மின்னும்,
கழுதைக்கும் மின்னும்.
யானை மட்டும்
இருட்டோடு இருட்டாய் நின்று
எட்டாவது கிளையை மென்றுகொண்டிருந்தது.
ஓர் அரசாங்க அறிவிப்பை
இத்தனை ருசியாக யாரும் படித்ததில்லை.

நாங்கள் பேசவில்லை. கதவைக்கூட மூடவில்லை.
அது ஒன்பதாவதையும் எடுத்துக்கொண்டு
மரங்களுக்குள் போனது.

அப்புறம் வடக்கேயிருந்து
கனமான எஞ்சின் சத்தம், தூரத்தில்.
கிளை வெட்ட நேரமில்லை.
செதுன்யாவின் சிவப்புப் பள்ளிச் சட்டை,
எங்கள் மஞ்சள் தண்ணீர்க் கேன்,
ஒலெபிலே புதிதாய் வாங்கிய மடக்கு நாற்காலி,
எல்லாவற்றையும் தாரில் வரிசையாய் வைத்து
டார்ச்சைச் சுழற்றிக்கொண்டு ஓடினான் அவன்,
முதன்முறையாக
எங்கே பார்க்கவேண்டுமோ அங்கே பார்த்தபடி.

பேருந்து, நாற்காலியை நொறுக்கிவிட்டு நின்றது.
லாரிக்கு நான்கடி முன்னால்.
உள்ளே ஒரு குழந்தை விழித்து அழுதது.
பேருந்து ஓட்டுநர் இறங்கி
ஒரு வார்த்தை பேசாமல்
கோடரியை எடுத்துக்கொண்டு
மொப்பானே மரத்தைத் தேடிப் போனார்.

வாசல் மூடியிருக்கும்.
அன்றிரவு லாரிக்குப் பின்னால், ஓரத்து மண்ணில்,
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தே தூங்கினோம்.
விடிகாலையில் நோட்டைப் பார்த்தேன்.
யானைக்கான கட்டம் காலிதான்,
சட்டம் சட்டமே.
அதற்குக் கீழே மட்டும் புதிதாய் ஒரு வரி,
பென்சிலை அழுத்தி எழுதியது:
நாற்காலி, ஒன்று.